மை காயும்வரை

போன தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
முத்திரை கலங்கியிருக்கிறதாம்.
தேதியில் இருப்பது மூன்றா எட்டா தெரியவில்லையாம்.
ஆகவே
திரு. ஏவெர்ட் போஸ்ட்மா உயிரோடிருப்பது
ஐயத்துக்கிடமின்றி நிறுவப்படவில்லை.

ஏப்ரல் கடைசி. அஸ்தம்பட்டி. என் அறை.
அவர் மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு
நேராக நோட்டரி முத்திரைமேல் விழுந்ததை
நானே பார்த்தேன்.
புறங்கையால் துடைத்துக் கெடுத்ததும் நான்தான்.

இன்று புதுப் படிவம்.
விசிறியை நிறுத்தச் சொன்னார், காகிதம் பறக்குமாம்.
நிறுத்தினேன்.
இரண்டு பேருக்கும் ஊற்றியது.
மணிக்கட்டில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு
ஒவ்வொரு எழுத்தாக
கிணற்றில் வாளி இறக்குகிற மாதிரி இறக்கினார்.

ஹாலந்தில் கால்வாய் மதகு வேலை,
முப்பத்தொன்பது வருஷம்.
படகு வந்தால் திறப்பு, போனால் மூடல்.
இங்கே சின்னத்திருப்பதியில்
எட்டு நாளைக்கொரு தரம் வரும் குழாய்த் தண்ணீருக்கு
ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச்சோடு நிற்கிறார்.
வந்த நேரம், நின்ற நேரம், குடக் கணக்கு
எல்லாவற்றுக்கும் நோட்டு இருக்கிறது.
தமிழ் படித்ததே பேப்பரில்
மேட்டூர் நிலவரம் பெட்டியில்தான்.
நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம்
மூன்றும் பிசகாமல் வரும்.
மற்றதற்குக் கை ஜாடை.

ஏற்காட்டில் இருக்கலாமே என்று கேட்காத ஆளில்லை.
நானும் கேட்டேன்.
ஏழு வருஷம் இருந்தார்கள், நாகலூர்ப் பக்கம்.
ஒரு ராத்திரி டீனெக்குக்குச் சர்க்கரை தாழ்ந்து
பனிமூட்டத்தில்
இருபது கொண்டையூசி வளைவும்
ஜீப் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து இறங்கியதோடு சரி.
ஆஸ்பத்திரி ஆட்டோ தூரத்தில் வேண்டும்,
வெயில் கிடக்கட்டும் என்கிறார்.
சாயங்காலம் மொட்டைமாடியில்
ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு
மலைமேல் விளக்குகள் ஏறுவதைப் பார்ப்பார்களாம்.
அங்கே இப்போது பதினெட்டு டிகிரி என்பாராம் இவர்.
இருந்துவிட்டுப் போகட்டும் என்பாராம் அந்த அம்மா.

கையெழுத்துக் காய்கிற நேரத்தில் சொன்னவை:
இன்வெர்ட்டர் பேட்டரி படுத்துவிட்டது.
கரண்ட் போனால் இன்சுலினை எடுத்துக்கொண்டு
பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜுக்கு ஓட வேண்டும்,
அங்கே மீன் குழம்புக்குப் பக்கத்தில் இடம்.
விசா புதுப்பிக்க வாடகை ஒப்பந்தம் கேட்கிறார்கள்,
வாடகையை ஏற்றினால்தான் ஒப்பந்தம் என்கிறார் வீட்டுக்காரர் குழந்தைவேலு.
செத்தால் எங்கே வைப்பது என்று
இன்னும் முடிவாகவில்லை.
இதை பேட்டரி விலை சொன்ன அதே குரலில் சொன்னார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை. கட்டணமும் கேட்கவில்லை.

அந்த அம்மாவுக்கும் ஒரு படிவம்.
முட்டி, மாடி ஏறாது.
'நேரில் கண்டேன்' என்று எழுதியிருக்கிறது, காணத்தானே வேண்டும்.
முத்திரையும் பேடுமாகக் கீழே போனேன்.

புங்க மரத்தடியில் சவரிமுத்துவின் ஆட்டோ.
உள்ளே முழங்கைவரை சாறு வழிய
மல்கோவா.
பிடிபட்ட முகம்.
"இன்னிக்கு மட்டும்" என்றார், நல்ல தமிழில்.
பேனாவுக்குக் கை நீண்டது.
தொடாதீங்க! என்று
நானும் அவரும் ஒரே மூச்சில் கத்தினோம்.
சவரிமுத்து பாட்டிலைச் சாய்த்துக் கை கழுவிவிட்டான்.
அந்தத் தண்ணீர்
ரோட்டோரம் ஓடி மண்ணில் இறங்கும்வரை
ஏவெர்ட் பார்த்துக்கொண்டே நின்றார்.

போட்டார். குத்தினேன். தேதி தெளிவு.

அப்போதுதான் போன் அடித்தது, பக்கத்து வீடு.
தண்ணி வந்துருச்சு, பட்டப்பகலில், ஆறாம் நாளே!
எழுபத்தாறு வயசு ஆள்
ஆட்டோவில் தாவி ஏறுவதை அன்றுதான் பார்த்தேன்.
சாரதா கல்லூரி ரோட்டில் திரும்பியும்விட்டார்கள்.

என் கையில் இரண்டு தாள்,
இரண்டு பேரும் உயிரோடிருப்பதாக.
மை ஈரம்.
உள்ளங்கை படாமல் ஓரத்தில் பிடித்து
ஊதிக்கொண்டே படியேறினேன்.